அருட்பாவும் அதனைக் கடந்த நெறியும்: இராமலிங்கரின் சமயப் பயணம் பற்றிய ஒரு நோக்கு

1822ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் யாழ்ப்பாணத்து நல்லூரிலே ஆறுமுக நாவலர் பிறந்தார். அதற்குப் பத்து மாதங்களுக்குள், 1823ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆந் திகதி, சிதம்பரத்துக்கு வடமேற்கேயுள்ள மருதூர் என்னுஞ் சிற்றூரிலே இராமலிங்கர் பிறந்தார். இருவருஞ் சைவக் குடும்பங்களில் தோன்றியவர்கள். இருவரும் இளமையிலேயே செய்யுளிலும் சொற்பொழிவிலும் வல்லவராய் விளங்கியவர்கள். எனினும், இவ்விருவர் பெயரும் ஒருங்கே சொல்லப்படும்பொழுது நினைவுக்கு வருவது அருட்பா – மருட்பாப் போராட்டமே. ஈழத்தறிஞர் பெரும்பாலும் நாவலர் பக்கத்திலும், தமிழகத்து அன்பர் பெரும்பாலும் வள்ளலார் பக்கத்திலும் நின்று நியாயவாதிகள்போல வாதாடி வந்துள்ளனர். அவ்வாரவாரத்திலே முக்கியமான செய்தியொன்று மறைந்துபோயிற்று. எப்பாடல்களைக் குறித்துப் போராட்டம் எழுந்ததோ அப்பாடல்களைப் பாடியவர், அவை காட்டிய வழிபாட்டு நெறியைவிட்டு அக்காலத்திலேயே விலகிச் சென்றுகொண்டிருந்தார் என்பதே அச்செய்தியாகும்.

இராமலிங்கரின் இளமை பற்றிக் கிடைப்பவற்றுட் பெரும்பகுதி அடியார்கள் எழுதியவை. அவற்றிலே அற்புதங்கள் மலிந்திருத்தல் இயல்பே. அவற்றை ஒதுக்கிவிட்டு நோக்கினும் ஒரு தெளிவான சித்திரம் எஞ்சுகின்றது. தந்தை இராமையாபிள்ளை கருணீகர் குலத்தவர். கிராமக் கணக்கு எழுதியவர். மகன் கைக்குழந்தையாயிருக்கையிலேயே அவர் மறைந்தார். குடும்பஞ் சென்னைக்குப் பெயர்ந்தது. மூத்தவராகிய சபாபதி புராணப் பிரசங்கஞ் செய்து குடும்பத்தைத் தாங்கினார். இளையவரோ பள்ளிப் படிப்பிலே மனம் பற்றாது கந்தகோட்டத்து முருகன் சந்நிதியிலே பொழுதைக் கழித்தார். தமையனாருக்குப் பதிலாக ஒருநாட் பெரியபுராணப் பிரசங்கஞ் செய்யச் சென்று கேட்டோரை வியக்கவைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. ஆங்கிலக் கல்வியோ பாதிரிமாரின் பாடசாலையோ அவரைத் தொடவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பின்னாளிற் சமயங்களையெல்லாங் கைவிடச் சொன்ன ஒருவர் தொடக்கத்திலிருந்தே கலகக்காரராக இருந்திருப்பார் என்று எதிர்பார்ப்போருக்கு அவருடைய சென்னை வாழ்க்கை ஏமாற்றத்தையே தரும். முன்னோரிடமிருந்து பெற்ற சைவத்தை அவர் மேலோட்டமாகவன்றி முழுமையாகவே ஏற்று வாழ்ந்தார். திருவொற்றியூருக்கு இடையறாது சென்று வழிபட்டார். திருஞானசம்பந்தரைத் தம் குருவாகக் கொண்டார். மாணிக்கவாசகரைப் போற்றிப் பாடினார். கண்ணுடைய வள்ளலாரின் ‘ஒழிவிலொடுக்க’த்தை 1851இல் அச்சேற்றினார். 1854இல் வெளிவந்த அவருடைய ‘மனுமுறைகண்ட வாசகம்’ பெரியபுராணக் கதையொன்றின் உரைநடை விரிவு. ஏட்டுப் பிரதியை ஆராய்ந்து பதிப்பித்தல், புராணத்தை வசனமாக்குதல் ஆகிய இப்பணிகள் அதே காலப்பகுதியில் நாவலர் செய்துகொண்டிருந்தவையே. நாவலரின் பெரியபுராண வசனம் 1852இல் வெளியாயிற்று. 1850களின் நடுப்பகுதியிலே இவ்விருவரையும் பார்த்த ஒருவர் இவர்களை ஒரே பணியின் இரு தொழிலாளர் என்றே கருதியிருப்பார்.

ஏறத்தாழ 1858இல் இராமலிங்கர் சென்னையை நீங்கித் தென்னார்க்காட்டுக்குத் திரும்பினார். சிதம்பர வழிபாடே அவரை ஈர்த்தது என்பர். ஆயின் அவர் தங்கியது சிதம்பரத்திலன்று. கருங்குழி என்னுங் கிராமத்திலே. நகரத்துப் பிரபுக்களின் வீடுகளிற் புராணங் கேட்போரைக் கண்டு பழகியவர், இங்கே மழையையும் கடனையும் நம்பி வாழும் உழவரிடையே வாழலானார். 1865இற் சமரச வேத சன்மார்க்க சங்கத்தைத் தாபித்தார். 1866இற் சென்னை மாகாணத்தின் பகுதிகளையும் ஒறிசாவையும் பஞ்சம் வாட்டியது. 1867ஆம் ஆண்டு மே 23ஆந் திகதி வடலூரிலே தருமச்சாலை தொடங்கப்பெற்றது. ஊரவர் ஏறத்தாழ எண்பது காணி நிலத்தை உவந்தளித்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாது பேணப்படுகின்றது.

சோறிடுதல் தமிழ்ச் சமுதாயத்துக்குப் புதிதன்று. கோயில்களும் மடங்களும் சத்திரங்களும் காலங்காலமாகச் செய்துவந்ததே அது. ஆனால் அவற்றிலே யார் எவ்விடத்திலிருந்து உண்பது என்பது சாதியினால் வரையறுக்கப்பட்டிருந்தது. இடுபவருக்குப் புண்ணியஞ் சேரும் என்பதே அதன் நியாயமாயிருந்தது. இராமலிங்கர் ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலிலே இந்நியாயத்தைத் தலைகீழாக்கினார். பசித்தவனின் பசியை நீக்குதல் வழிபாட்டுக்குத் துணைசெய்யும் ஒரு புண்ணியச் செயலன்று, அதுவே வழிபாடு, இறைவனின் அருளைத் திறக்குந் திறவுகோல் அதுவே என்பது அவர் வாதம். பசித்தவனின் சாதி, சமயம், தேசம், நடத்தை ஆகிய எதனையும் விசாரித்தலாகாது என்றும் அவர் வற்புறுத்தினார். இக்கருத்தை ஏற்றால் கோயில், ஆகமம், தீட்சை ஆகியவற்றின் இடம் யாது என்ற வினா தானே எழும். அவர் அதனை உடனே எழுப்பினாரல்லர். முதலில் அடுப்பை மூட்டினார். வினா ஐந்தாறாண்டுகளின் பின்னரே முழு வடிவம் பெற்றது. நம்பிக்கையை முதலிலே ஆராய்ந்து, பின் ஒழுக்கத்தை அமைத்தவராக அவரைச் சித்திரிக்கும் எழுத்துக்கள் இவ்வொழுங்கைக் கவனிக்கத் தவறிவிட்டன.

தருமச்சாலை தொடங்கிய அதே 1867இலேதான் திருவருட்பாவும் அச்சேறியது. இறுக்கம் இரத்தின முதலியார் முதலிய அன்பர்கள் நெடுநாள் வற்புறுத்திய பின்னரே இராமலிங்கர் இதற்கு இணங்கினார். தம்மை ‘இராமலிங்கசாமி’ என்று வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுகிறதென்றும், அவ்வாறு அச்சிடலாகாதென்றும் அவர் கடிதமெழுதினார். (அவ்வேண்டுகோளை அவருடைய அன்பரோ எதிரிகளோ பின்னர் மதித்ததாகத் தெரியவில்லை.) பதிப்பு வேலையை ஏற்ற தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களை ஆறு திருமுறைகளாக வகுத்து, அவற்றுள் முதல் நான்கினை வெளியிட்டார். ஆசிரியருக்குத் ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்னும் பெயரையுஞ் சூட்டினார். திருவருட்பா, திருமுறை, வள்ளலார் என்ற இம்மூன்று சொற்களே பெரும்போருக்கு வித்தாயின. பாடியவர் கேட்ட சொற்களல்ல அவை.

நாவலர் பக்கத்து நியாயத்தை இன்றைய வாசகர் எளிதாகப் புறக்கணித்துவிடக்கூடும். அது முறையன்று. நாவலரும் பெற்றதை அப்படியே பேணியவரல்லர். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலே கற்று, பின் அங்கேயே கற்பித்து, விவிலிய மொழிபெயர்ப்பிலே உழைத்து, 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தவர் அவர். அந்நிய வேதத்தை நெருங்கிக் கற்றமையே தம் சமயத்தை வினாவுதற்கு அவரைத் தூண்டிற்று. கோயில்களிலே உயிர்ப்பலி இடுவதையும், திருவிழாக்களிலே பொதுமகளிரின் ஆட்டத்தையும், ஆகமத்துக்கு மாறான கிரியைகளையும் அவர் கடுமையாகக் கண்டித்தார். தில்லைத் தீட்சிதர்கள் சிவதீட்சை பெறாமையைச் சுட்டி அவர்களோடும் முரண்பட்டார். பரம்பரை வழக்கத்தை வினாவுவதில் நாவலர் இராமலிங்கருக்குச் சற்றும் இளைத்தவரல்லர். ஆனால் அவ்வழக்கத்தை அளக்க அவர் கைக்கொண்ட அளவுகோல் நூல்; வேதமும் சிவாகமமும் திருமுறைகளுமாகிய வரையறுத்த நூற்றொகுதி. மிஷனரிமாரை எதிர்கொண்ட ஒருவருக்கு அத்தகைய வரையறை இன்றியமையாததாயிருந்தது. நேற்றுப் பாடியவரின் நூலும் திருமுறையாகலாமெனின் எந்நூலைச் சைவத்தின் பிரமாணமென்று காட்டுவது? தேவார திருவாசகங்கள் ஒலிக்கவேண்டிய கோயில்களிலே இராமலிங்கரின் பாடல்கள் ஓதப்படுகின்றன என்பதும் அவருடைய முறைப்பாடுகளுள் ஒன்று. மாவண்டூர் தியாகேச முதலியார் பெயரிலே வெளிவந்த ‘போலியருட்பா மறுப்பு’ நாவலருடையதே என்று பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. அதன் நடை காரமானது. இராமலிங்கரின் தனிவாழ்க்கையையும் அது தாக்குகின்றது. எனினும் அதன் அடியிலே கிடக்கும் வினா, சமய நூலொன்றுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகின்றது என்பதே.

நாவலர் 1864இற் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலையைத் தாபித்திருந்தார். வடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைத்தூரம் அதிகமில்லை. மோதல் தவிர்க்கவியலாததாயிற்று. மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்கு, பலர் நினைப்பதுபோலப் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்பதைத் தீர்ப்பதற்கானதன்று; சிதம்பரத்திலே நிகழ்ந்த கூட்டமொன்றில் நாவலர் இழிவுபடுத்தப்பட்டார் என்ற மானநட்ட முறைப்பாடே அது. தீர்ப்புப் பற்றியும், மன்றில் யார் யாருக்கு எழுந்து நின்றார் என்பது பற்றியும் இரு திறத்தாரும் வழங்கும் கதைகள் ஒன்றையொன்று மறுப்பவை. இருதரப்புக் கண்டனங்களையும் ப. சரவணன் 2010இல் ஒருங்கு தொகுத்து வெளியிட்ட பின்னர், அக்கதைகளிற் சில நிலைநிற்க மாட்டாதனவாயின.

இந்நிலையிலே 1867ஆம் ஆண்டுப் பதிப்பில் இருந்தது யாது என்பதை நோக்குதல் வேண்டும். முருகனையும் ஒற்றியூர்ப் பெருமானையும் தில்லைக் கூத்தனையும் நோக்கி, தம் சிறுமையைச் சொல்லியிரங்கும் பக்திப் பாடல்களே அவற்றுட் பெரும்பாலன. சைவ சித்தாந்தி ஒருவர் கோட்பாட்டளவிலே குறைகாண்பதற்கு அவற்றில் அதிகமில்லை. அதனாலேயே கண்டனங்கள் இலக்கணப் பிழை, பெயர்ச்சூட்டு, தற்புகழ்ச்சி ஆகியவற்றைச் சுற்றியே சுழன்றன. சைவத்திலிருந்து மெய்யாகவே விலகிய பாடல்கள் அப்பொழுது அச்சில் இருக்கவில்லை; அவற்றுட் பல பாடப்படவேயில்லை. ஐந்தாந் திருமுறை 1880இல் வெளிவந்தது. ஆறாந் திருமுறையை வெளியிடுதற்கு வேலாயுத முதலியார் இறுதிவரை தயங்கினார். வேறு அன்பர்களின் முயற்சியால் 1885இலேயே அது வெளிவந்தது. அதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 1879இல், நாவலர் காலமாகிவிட்டார். எனவே, இராமலிங்கர் என்ற சமயப் புரட்சியாளரை நாவலர் எதிர்த்தார் என்ற பரவலான கூற்று காலவரன்முறைக்கு ஒத்துவருவதன்று. அச்சிலே அவர் கண்டது சைவ அடியார் ஒருவரையே. அவ்வடியாருக்குச் சூட்டப்பட்ட முடியையே அவர் எதிர்த்தார்.

ஆறாந் திருமுறையின் இராமலிங்கர் வேறொருவர். சாதியையும் சமயத்தையும் சாத்திரக் குப்பையையும் சாடுங் குரல் அங்கே கேட்கின்றது. அவர் வழிபடும் பொருள் கைலாயத்துச் சிவனன்று; உருவமும் பெயரும் கடந்த அருட்பெருஞ்ஜோதி. 1872ஆம் ஆண்டு சித்திரையிலே எழுதி முடித்த அருட்பெருஞ்ஜோதி அகவல் 1596 அடிகளாலே அப்பொருளைப் போற்றுகின்றது. அதே ஆண்டு ஜனவரி 25ஆந் திகதி, தைப்பூச நாளில், வடலூரிலே எண்கோண வடிவினதாகிய ஞானசபை திறக்கப்பெற்றது. அங்கே விக்கிரகமில்லை, ஏழு நிறத் திரைகளும் அவற்றின் பின்னே ஒளியும் மட்டுமே உள. சபைக்குள்ளே விளக்கேற்றும் பணிக்குப் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் அல்லது எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டோரே உரியர் என்று அவர் விதித்தார். அருச்சகர் பரம்பரை என்பதற்கு அவ்விதியிலே இடமேயில்லை. ஆயினும் பழமை முற்றாக அழிந்ததென்று கொள்ளல் பொருந்தாது. தில்லையிலே திரையின் பின்னாலுள்ள வெளியையே இரகசியமாகக் காட்டுவர். வடலூரிலே திரைகளின் பின்னால் ஒளி. வடலூருக்கு அவர் இட்ட பெயர் உத்தர ஞான சிதம்பரம். பெற்ற மரபின் சட்டகத்தைக்கொண்டே அம்மரபுக்கு அப்பாற் செல்லும் வாயிலை அவர் அமைத்தார் எனலாம்.

இம்மாற்றத்துக்கு மிகச் சுருக்கமான சான்று சங்கத்தின் பெயரே. 1865இற் ‘சமரச வேத சன்மார்க்க சங்கம்’ என்றிருந்தது 1872இற் ‘சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்’ ஆயிற்று. ‘வேத’ என்பது நீங்கி அவ்விடத்தில் ‘சுத்த’ என்பது புகுந்தது. ஏழாண்டுகளில் நிகழ்ந்த அகமாற்றத்துக்கு இதைவிடத் துலக்கமான ஆவணம் வேண்டியதில்லை.

1873ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆந் திகதி மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்திலே கொடியேற்றி இராமலிங்கர் ஆற்றிய உரை பேருபதேசம் எனப்படுகின்றது. கேட்டோர் குறிப்பின் வழியாகவே அது கிடைத்துள்ளது என்பதை நினைவிற் கொண்டே அதனைப் பயன்படுத்தல் வேண்டும். எனினும் அதிலுள்ள ஒரு பகுதி அடியவர் எவரும் புனைந்து சேர்க்கத் துணியாதது. வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் ஆகியவற்றிலே மனம்வைத்தல் வேண்டாமென்று அவர் சொல்கின்றார். அவ்வாறு சொல்பவர் தம்மையே உதாரணமாகக் காட்டுகின்றார்: சைவத்திலே தாம் கொண்டிருந்த பற்று அளவிடற்கரியதாயிருந்ததென்றும், அதற்குத் தாம் பாடிய தோத்திரங்களே சாட்சியென்றும், அவற்றைப் பாடிய காலத்திலே தமக்கிருந்தது அற்ப அறிவே என்றும், அப்பற்றை விட்டமையாலேயே மேல்நிலை கிடைத்ததென்றும் அவர் கூறியதாகக் குறிப்புக் கூறும். முதல் ஐந்து திருமுறைகளும் அதனால் யாதாகின்றன? எப்பாடல்கள் அருளினாற் பிறந்தவையென்று அன்பர்கள் துண்டுப்பிரசுரங்களிலும் மேடைகளிலும் வாதாடினரோ, அவற்றைப் பாடியவரே அற்ப அறிவின் விளைவென்று ஒதுக்கிவிட்டார். நாவலர் இவ்வுரையைக் கேட்டிருப்பின் ஒரு வகையில் மகிழ்ந்திருப்பார். மறுவகையில் முன்னிலும் பன்மடங்கு சினந்திருப்பார்.

இராமலிங்கர் கண்ட நெறியைப் பகுத்தறிவு நெறியென்று கொள்வது இருபதாம் நூற்றாண்டின் விருப்பம். சுயமரியாதை இயக்கத்தார் அவருடைய சாதி எதிர்ப்புப் பாடல்களை எடுத்தாண்டனர். மரணமிலாப் பெருவாழ்வு பற்றிய பாடல்களை மௌனமாகக் கடந்தனர். அவருக்கோ இரண்டும் பிரிக்கவொண்ணாதவை. பசியைப் போலவே சாவும் நீக்கத்தக்க ஒரு துன்பம் என்று அவர் கருதினார். உடம்பே ஒளியாகுமென்று நம்பினார். இறந்தோர் மீண்டெழுவர் என்ற எதிர்பார்ப்பும் அவரைச் சூழ்ந்தோரிடையே நிலவிற்று. திருமூலரையும் சித்தர்களையும் அறிந்தவர்க்கு இவை அந்நியமானவையல்ல. றிச்சட் வைஸ் 2019இல் வெளியிட்ட நூலிலே, நவீன இந்து சமயம் மேனாட்டுத் தொடர்பாலும் ஆங்கிலங் கற்ற சீர்திருத்தவாதிகளாலும் மட்டுமே உருவாயிற்று என்ற கருத்தை மறுப்பதற்கு இராமலிங்கரையே சான்றாகக் கொண்டார். அக்கருத்து ஏற்கத்தக்கதே. ஆயினும், அச்சகமும் சென்னைப் புரவலரும் குடியேற்ற ஆட்சியின் நீதிமன்றமும் இன்றி அவருடைய பெயர் தென்னார்க்காட்டுக்கு அப்பாற் பரவியிருக்குமோ என்பது ஐயத்துக்குரியது.

1874ஆம் ஆண்டு ஜனவரி 30ஆந் திகதி அவர் சித்திவளாகத்து அறையொன்றினுட் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார். பின்னர் எவரும் அவரைக் கண்டிலர். தென்னார்க்காட்டு மாவட்டம் பற்றிய ஆங்கில அரசாங்க நூலிலே, அவர் இறைவனோடு ஒன்றாகிவிட்டாரென அன்பர் நம்புவது பதிவுசெய்யப்பட்டுள்ளது.

அவர் விலக்கிய வழிபாடு அவருக்குப்பின் ஞானசபைக்குள்ளேயே திரும்பி வந்தது. சிவலிங்கம் வைத்துப் பூசை செய்யும் வழக்கம் அங்கே வேரூன்றிற்று. இராமலிங்கர் விதித்த முறைக்கு அது மாறானதென்று 2006இல் இந்து சமய அறநிலையத் துறை முடிவு செய்தது. 2010இற் சென்னை உயர்நீதிமன்றம் அம்முடிவை ஏற்றது. பரம்பரையாகப் பூசைசெய்த உரிமையா, தாபகரின் விதியா என்பதே அங்கும் பிரச்சினை. தாபகரின் எழுத்தையே பிரமாணமாகக் காட்டி வழக்கத்தைத் திருத்திய அம்முறை நாவலருக்கு மிகவும் உவப்பானதாயிருந்திருக்கும்.

கண்டனப் போர் இருவரின் மறைவோடும் ஓயவில்லை. யாழ்ப்பாணத்து மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை நாவலர் கட்சியைச் சென்னையிலே தொடர்ந்தார். எதிர்ப்பக்கத்திலே அருட்பாவுக்காக நின்றவருள் முதன்மையானவர் செய்குத்தம்பிப் பாவலர் என்னும் முஸ்லிம் புலவர். 1904ஆம் ஆண்டளவில் வழக்கு மீண்டும் நீதிமன்றேறியது. இராயப்பேட்டை வெஸ்லி பாடசாலையிலே கதிரைவேற்பிள்ளையிடந் தமிழ் கற்ற மாணவரொருவர் ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லச் சென்றமையாற் பரீட்சையை இழந்தார். அவருடைய பள்ளிப் படிப்பு அத்தோடு நின்றது. அம்மாணவரே திரு. வி. கலியாணசுந்தரனார். 1907இல் ஆசிரியர் காலமானதும் அவருடைய சரித்திரத்தை எழுதி அடுத்த ஆண்டில் வெளியிட்டார். அதுவே அவருடைய முதல் நூல். பின்னாளில் அவர் எழுதியவற்றுள் இன்னொன்றின் பெயர் ‘இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்’.